இழுவையும் வேகமும்

சனைச்சரன் என்னும் வடமொழிப் பெயருக்கு மெல்லச் செல்பவன் என்பது பொருள். பன்னிரண்டு ராசிகளையும் ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுகிற அந்தக் கிரகத்தின் அதிபதி, சின்னமனூருக்கு அருகே, சுரபி நதிக்கரையில், குச்சனூரில் சுயம்புவாகக் கோயில் கொண்டிருக்கிறார். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் அவரைத் தரிசிக்கக் கூடுகிற ஜனங்களோ, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்து இறங்குகிறார்கள். செருப்பு விடுமிடத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நின்று, அந்த வண்டிகளை மட்டும் ஒரு நாழிகை கவனித்தால், நம் நாட்டு இருசக்கர வாகனத்தின் நாற்பது வருஷச் சரித்திரம் வரிசையாகச் சைடு ஸ்டாண்டு போட்டு நிற்பதைக் காணலாம்: புல்லுக்கட்டு ஏற்றி ஏற்றித் தழும்பேறிய டி.வி.எஸ். எக்ஸெல், சீட்டு கிழிந்து சாக்குப் போர்த்திய ஸ்பிளெண்டர், தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறிய யமஹா ஆர்.எக்ஸ். 100, தவணை இன்னும் முடியாத பல்சர், வெயிலில் மினுங்குகிற புல்லட், மேகமலைக்குப் போகிற வழியில் சாமியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த வாலிபர்களின் கே.டி.எம். சிறிய வண்டியில் வந்தவர் தம் வண்டியைப் பூட்டிவிட்டுத் திரும்புகையில் பெரிய வண்டியின் மேல் ஒரு பார்வையை வைத்துவிட்டுப் போகிறாரே, அந்தப் பார்வைதான் இக்கட்டுரையின் விஷயம்.

பழைய வண்டியை மாற்றவேண்டிய காலம் வரும்போது, அதே தரத்தில் இன்னொன்று வாங்குவதா, அல்லது சக்தியில் அடுத்த படிக்கு ஏறுவதா என்பது இன்று கம்பம் பள்ளத்தாக்கில் பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்கு அடுத்தபடியாகத் திண்ணைகளில் அலசப்படுகிற கேள்வியாகும். இதில் அபிப்பிராயம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. மைலேஜ் ஒன்றையே வேதமாகக் கொண்டவர்கள் நூறு சிசிக்கு மேல் ஒரு சிசியும் விரயம் என்கிறார்கள். மலையேறிப் பிழைப்பவர்கள் இழுவை இல்லாத வண்டி வண்டியே அல்ல என்கிறார்கள். பையன்கள் ஒன்றும் சொல்வதில்லை, கைப்பேசியில் படத்தைக் காட்டிவிட்டுத் தகப்பனார் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்சியிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இழுவை வேறு, வேகம் வேறு. நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முன்னது, நாம் காசு கொடுத்து வாங்குவதோ பெரும்பாலும் பின்னது என்பது என் கட்சி.

இந்தக் குழப்பத்துக்குச் சரித்திர காரணம் இருக்கிறது. சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தார் 1949-இல் இங்கிலாந்திலிருந்து தருவிக்கத் தொடங்கிய 350 சிசி புல்லட், 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனி உருவான பிறகு திருவொற்றியூரிலேயே தயாராகத் தொடங்கியது. ராணுவத்தாரும் போலீசாரும் ஏறி வந்த வாகனம் என்பதால், அதன் சத்தத்துக்கே ஓர் அதிகாரம் ஏற்பட்டுவிட்டது. பிற்பாடு 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சிசி வண்டிகள் வந்தன. 1985-இல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 நான்கு அடி எஞ்சினால் பெட்ரோலைச் சிக்கனப்படுத்தியது; அதே ஆண்டில் வந்த ஆர்.எக்ஸ். 100 இரண்டு அடி எஞ்சினோடு, எடை குறைந்த உடம்போடு, நூறு சிசியிலும் பறக்கலாம் என்று காட்டிவிட்டு 1996-இல் விடைபெற்றது. 1999-இல் சி.பி.இசட்., 2001-இல் பல்சர், 2012-இல் கே.டி.எம். டியூக் என்று படிகள் ஒவ்வொன்றாக உயர, குமாஸ்தாவும் குடியானவரும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சக்தி வந்து நின்றது. இத்தனை காலமும் கடைக்காரர் விலை சொன்னதும், வாங்குகிறவர் பெருமை பேசியதும் சிசி என்கிற ஒரே அளவுகோலால்தான்.

அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று பார்க்கலாம். ஸ்பிளெண்டரின் எஞ்சின் 97.2 சிசி, அதன் சக்தி ஏறக்குறைய 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ. புல்லட் வம்சத்தைச் சேர்ந்த இன்றைய கிளாசிக் 350-இன் எஞ்சின் 349 சிசி. சக்தி சுமார் 20 குதிரைத்திறன். எடை 195 கிலோ. சிசி மூன்றரை மடங்கு பெருகியிருக்கிறது. சக்தி இரண்டரை மடங்குதான். இரண்டிலும் கணவனும் மனைவியுமாக 130 கிலோ ஏறி உட்கார்ந்தால், ஆயிரம் கிலோவுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்க்கையில், முதலாவதில் 33, இரண்டாவதில் 62 என்று வருகிறது. அதாவது இரண்டு மடங்கு கூட இல்லை. ஆனால் முறுக்குவிசை என்று யந்திர சாஸ்திரிகளும் இழுவை என்று நம் ஊராரும் சொல்லுகிற குணத்தில், முன்னதற்கு 8 நியூட்டன் மீட்டர், பின்னதற்கு 27. அதுவும் எஞ்சின் கதறாமல், சாவதானமாகச் சுழலும்போதே கிடைப்பது. புல்லட்டை ஓட்டிப் பழகியவர் அதை விடாமல் இருப்பதற்குக் காரணம் வேகமல்ல. போடிமெட்டு ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே, அவசரமில்லாமல், லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கலாம் என்கிற நிம்மதி.

சமதரையில் நமக்கு வேண்டிய சக்தி எவ்வளவு என்று கேட்டால், பலர் நம்பமாட்டார்கள். ஒருவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில்லாத சாலையில் போவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 3 குதிரைத்திறன் போதும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு அது 12 ஆகிவிடுகிறது; காற்றைக் கிழிக்கும் செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதே காரணம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயருகிற மலைச்சாலையில் இருவர் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கோ சுமார் 4 குதிரைத்திறன் தேவை. ஆகவே நூறு சிசி வண்டியால் மலையேற முடியாது என்பது பொய். கீழ்க் கியரில், எஞ்சினை நன்றாக முறுக்கி, கையிருப்பு அதிகம் இல்லாமல்தான் ஏற முடியும் என்பது மெய். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து, அரை நிமிஷம் நின்று, மறுபடி கிளம்ப நேரும்போதுதான் அந்தக் கையிருப்பின் அருமை தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாக இறங்கி, கம்பத்திலிருந்து தேனிப் பக்கமாக வாரிக்கொண்டு போகும். வாழைத் தோட்டக்காரர்கள் மரத்துக்கு முட்டுக் கொடுப்பதும், ஆண்டிபட்டிப் பக்கத்தில் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். மணிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டிய சக்தி 3 குதிரைத்திறனிலிருந்து 6-ஐ எட்டிவிடுகிறது. தேனிக்குப் போகும்போது பறந்த ஸ்பிளெண்டர், கம்பத்துக்குப் போகும்போது முனகுவது இதனால்தான். ஆடி மாதத்தில் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று தீர்மானிக்கிறவர்கள், புரட்டாசி வரை பொறுத்துப் பார்த்தால் அது திரும்ப வாலிபமாகிவிடுவதைக் காண்பார்கள். பக்கவாட்டுக் காற்றில் கனமான வண்டி கொஞ்சம் நிலையாக நிற்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்படித் தவறாகத் தீர்மானித்தவர்களில் நானும் ஒருவன். சில வருஷங்களுக்கு முன், பின்சீட்டில் நண்பரை வைத்துக்கொண்டு போடிமெட்டு ஏறுகையில், ஆறாவதோ ஏழாவதோ வளைவைத் தாண்டியதும் என் வண்டியில் சத்தம் ஏறியதே தவிர வண்டி ஏறவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க எஞ்சின் அலறியது. சக்கரம் தன் பாட்டுக்கு ஊர்ந்தது. கருகிய நாற்றம் ஒன்று காலடியிலிருந்து மெல்ல எழுந்தது. நண்பர் இறங்கி நடந்து வந்தார். அன்று மாலையே பெரிய வண்டி வாங்கிவிடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டு, பழையதை விற்பதற்கு முன் கொஞ்சம் சரிபார்க்கச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக் பக்க மூடியைக் கழற்றி, கறுத்து வழவழவென்று தேய்ந்துபோன கிளட்ச் பிளேட்டுகளை ஒரு பழைய துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதோடு, களத்துத் தூசி அப்பிப் பொருக்கு கட்டிப்போன ஏர் ஃபில்டரையும் தட்டிக் காட்டினார். “வண்டி மேல குத்தம் இல்லண்ணே. பிளேட்டு போயிருச்சு. பெரிய வண்டி எடுத்தாலும் இதே கையை வச்சு, அரைக் கிளட்சு பிடிச்சுத்தான் ஓட்டப் போறீங்க” என்றார். வளைவுக்கு வளைவு கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறுகிற என் வழக்கத்தை வண்டியைப் பிரித்த மாத்திரத்தில் அவர் கண்டுகொண்டது எனக்கு வெட்கமாக இருந்தது. சில நூறு ரூபாயில் காரியம் முடிந்தது. அந்த வண்டி அதன் பிறகும் பல தடவை மெட்டு ஏறிற்று. பெரிய வண்டி வேண்டும் என்று நினைக்கிறவர் முதலில் செயின், கிளட்ச், காற்று வடிகட்டி மூன்றையும் பார்த்துவிடுவது நலம் என்று நான் சொல்லித் திரிவதற்கு இந்த அனுபவமே ஆதாரம்.

ஏற்றத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இறக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகிற சாலையில் பதினெட்டு வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஏறும்போது பெயர்ப் பலகைகளை ரசித்துப் படிக்கிறவர், இறங்கும்போது ஒன்றையும் படிப்பதில்லை. கனத்த வண்டி, தன் கனத்தையும் சேர்த்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. ஓடுகிற பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வதால், கண்ணில் பட்டதைக் கை உணர்ந்து பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டாலும், நல்ல சமதளத் தார்ச்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நிற்பதற்கு ஏறக்குறைய 23 மீட்டர் வேண்டும். 60-இல் 45 மீட்டர். 80-இல் 70 மீட்டருக்கு மேல். எங்கள் பக்கத்துச் சாலைகளில் எழுபது மீட்டருக்குள் ஒரு மாடு, ஒரு டிராக்டர், நெல் காயப்போட்ட படுதா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று சகலமும் வந்துவிடும். திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில் புறவழிச் சாலைகள் வந்த பிறகு, நேர்க்கோடாக விரிகிற ரஸ்தா வேகத்துக்கு ஆசை காட்டுகிறது. அந்த ரஸ்தாவைக் குறுக்கே கடந்துதான் குடியானவர் தம் வயலுக்குப் போகவேண்டியிருக்கிறது.

2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டவர்கள் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்ற ராஜ்யம் நமது தமிழ்நாடு. இவ்வளவுக்கும் பிறகு, சக்தியை மனிதனுடைய கையில் படிப்படியாகக் கொடுக்க வேண்டும் என்ற யோசனை நம் சட்டத்தில் இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் கியருள்ள மோட்டார் சைக்கிள் என்பது ஒரே வகுப்பு. பதினெட்டு வயது நிறைந்து, நூறு சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கிய பையன், மறுநாளே 650 சிசியில் ஏறிப் போகலாம். நம்மவர் பலர் குடியேறி வாழ்கிற சிங்கப்பூரில் அவ்வாறு முடியாது: 200 சிசி வரைக்கும் 2பி என்ற வகுப்பு, அதில் ஓராண்டு ஓட்டிய பிறகே 400 சிசி வரைக்குமான 2ஏ, மேலும் ஓராண்டு கழிந்தே அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கான வகுப்பு. ஐரோப்பிய நாடுகளில் சிசியோடு நில்லாமல் சக்தியையே அளந்து, 11 கிலோவாட், 35 கிலோவாட் என்று படிகள் கட்டியிருக்கிறார்கள். இலங்கையிலும் 100 சிசிக்கு உட்பட்டதற்கும் மேற்பட்டதற்கும் வெவ்வேறு வகுப்பு உண்டு. இங்கே அந்தக் காத்திருப்பைத் தகப்பனார்தான் விதிக்கவேண்டும்; தகப்பனாரே வாங்குகிற பட்சத்தில் அவருக்கு யார் விதிப்பது என்பது சங்கடமான கேள்வி.

சட்டம் செய்யாததை வரியும் இன்ஷூரன்சும் வேறு உத்தேசத்தோடு ஓரளவு செய்கின்றன. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த கட்டண விகிதப்படி, மூன்றாம் நபர் இன்ஷூரன்சுக்கு ஆண்டுக்கு 75-இலிருந்து 150 சிசி வரை 714 ரூபாய். 350 வரை 1,366. அதற்கு மேல் 2,804. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆக உயர்ந்திருக்கிறது. ஆக, 350 என்ற எண் சர்க்கார் வாயால் போக வாகனத்தின் எல்லையாகிவிட்டது. பெட்ரோல் கணக்கு யாவரும் அறிந்ததே: வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டி 200 லிட்டரும், 35 கொடுக்கிற வண்டி 343 லிட்டரும் குடிக்கும், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் வித்தியாசம் பதினாலாயிரத்துச் சொச்சம். டயரும் செயினும் தனி.

இத்தனைக்கும் மேல் ஆசை என்று ஒன்று இருக்கிறது. அதை நான் இகழமாட்டேன். கிராமத்தில் ஒரு மனிதன் இருபது வருஷம் எக்ஸெல்லில் வாழைத்தார் ஏற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, ஐம்பதாவது வயதில் ஒரு புல்லட் எடுத்து, துவைத்த வேட்டியோடு கல்யாண வீட்டு வாசலில் வந்து நிறுத்தினால், அதற்கு எந்தக் கணக்கும் கேட்க எனக்கு மனம் வராது. அவர் அதை ஆசை என்று சொல்லியே வாங்குகிறார். மலைக்குப் போகவேண்டியிருக்கிறது, முதுகு வலிக்கிறது, மறுவிலை நன்றாக இருக்கும் என்று வீட்டாரிடம் காரணங்களை அடுக்கி, தமக்கும் அவற்றையே நம்பவைத்துக்கொண்டு, பின்பு கடன் தவணையில் மாட்டிக்கொள்கிறவரிடத்தில்தான் எனக்கு வழக்கு. மலை காரணமானால் 150-இலிருந்து 200 சிசிக்குள் அடங்குகிற வண்டி போதும். அந்தப் படிக்கு ஏறுவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகியிருப்பதால், ஈரச் சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குகிற பெரும் அபாயம் அவற்றில் குறைகிறது. எஞ்சினுக்காக அல்லாமல் பிரேக்குக்காகவே ஒருவர் பெரிய வண்டிக்கு மாறினார் என்றால், அவரை நான் விவேகி என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் அப்படி ஒருவரையும் இதுவரை சந்திக்கவில்லை. மின்சார வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நின்ற இடத்திலேயே முழு இழுவையும் தருவது அவற்றின் தனிச் சிறப்பு. மலையேற்றத்தில் மின்கலம் விரைந்து தீர்வது குறை.

என் சித்தப்பாவின் விவகாரத்தைச் சொல்லி முடிக்கிறேன். அவர் மகளைப் பூப்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மாதம் இரண்டு தடவை சித்தியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மெட்டு ஏறவேண்டும். பதினான்கு வருஷத்து நூறு சிசி வண்டியை மாற்றுவது என்று முடிவானதும், 350-க்குக் குறைந்து ஒன்றையும் பார்க்கமாட்டேன் என்று இருந்தார். நான் தர்க்கம் செய்யவில்லை. தெரிந்த ஒருவருடைய 350-ஐ ஒரு நாளும், இன்னொருவருடைய 160-ஐ ஒரு நாளும் இரவல் வாங்கிக் கொடுத்து, சித்தியோடு பூப்பாறை வரை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்தவர் எஞ்சின்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். சித்தி காபியை ஆற்றிக்கொண்டே, “பெரிசு நல்லாத்தான்யா போகுது. வளைவுல நின்னப்பதான் உங்க சித்தப்பாவுக்குக் கால் நடுங்குச்சு. அவரு சொல்ல மாட்டாரு. சின்னதுல அதெல்லாம் இல்ல, ஆனா சீலையோட ஏறி உக்கார ஒரு திண்ணை வேணும்” என்றாள். சித்தப்பா தலைக்கு மேலிருந்த விட்டத்தைப் பார்த்தார்.

160-க்கு முன்பணம் கட்டினார்கள். சித்திக்காகக் கால் வைத்து ஏறுவதற்கு ஒரு படியும், சாரி கார்டும் பொருத்தச் சொல்லியாயிற்று. ஷோரூம்காரர்கள் சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளும்படி சொன்னபோது, அறுபது வருஷம் சனீஸ்வரனுடைய ஊரிலேயே குடியிருந்த மனிதர், “சனிக்கிழமை இரும்பு எடுக்கக் கூடாதுப்பா” என்று மறுத்து, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால் போய் எடுத்து வந்தார். கோயில் வாசலில் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவர் முதல் கியர் போட்டு, பழத்தை நசுக்கிக் கிளம்பி, இரண்டாவது கியருக்கு மாற்றாமலே வீடு வரைக்கும் வந்து சேர்ந்தார்.